எருக்கு யாருக்காகப் பால் சுரக்கிறது?

ஒரு செடியின் உடலில் உள்ள வீரியம் மனிதருக்காகவே அங்கு வைக்கப்பட்டதா, செடி தன் பிழைப்புக்காகத் தேடிக்கொண்டதா, அல்லது தொடுபவரையும் உண்பவரையும் பொறுத்து ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்மானமாவதா என்ற கேள்வி, இந்தியத் தத்துவ நூல்களில் பல வேடங்களில் வந்துபோகிறது. அதை வைத்து ஆராய்வதற்கு எருக்கைவிடப் பொருத்தமான செடி கிடைப்பது அரிது. ஏனெனில் சிவனுக்கும் விநாயகருக்கும் சூரியனுக்கும் உரிய பூசைப் பொருளாகவும், ஆயுர்வேதம் உபவிஷம் என்று, அதாவது இரண்டாம் தர நஞ்சு என்று, வகைப்படுத்திய மருந்தாகவும், ஒரு வீட்டில் முளைக்கட்டும் என்று சொன்னாலே அந்தக் குடி அழியட்டும் என்று பொருள்படும் சாபச்சொல்லாகவும் அது ஒரே நேரத்தில் இருந்துவருகிறது. பெங்களூரில் இக்கேள்வி ஆண்டுக்கு ஒருமுறை, தை அல்லது மாசியில் வரும் ரதசப்தமியை ஒட்டி, கடைத்தெருவுக்கே வந்துவிடுகிறது. பசவனகுடி காந்தி பஜாரிலும் மல்லேஸ்வரத்திலும் பூக்காரர்கள் கன்னடத்தில் எக்க எனப்படும் எருக்கிலையை அடுக்கி வைத்து விற்க, மற்ற நாள்களில் அதே செடியைக் காலி மனையின் குப்பைச்செடி என்று கடந்துபோகும் நகரவாசிகள் அதை விலைகொடுத்து வாங்கிச் செல்கிறார்கள்.

இந்தியாவில் எருக்கு இரண்டு இனங்களாக வளர்கிறது. பெங்களூரைச் சுற்றிலும் தமிழ்நாட்டிலும் மிகுதியாகக் காணப்படுவது, இதழ்கள் விரிந்து மடங்கிய வெளிர் ஊதா அல்லது வெண்ணிறப் பூக்களைக் கொண்ட கலோட்ரோபிஸ் ஜைகான்டியா; ராஜஸ்தானின் தார் பாலையிலிருந்து அரேபியா, ஆப்பிரிக்கா வரை பரவியிருப்பது, இதழ் நுனியில் ஊதாப் பொட்டுடன் நிமிர்ந்து நிற்கும் சிறுபூக்களை உடைய கலோட்ரோபிஸ் புரோசெரா. ஆண்டுக்கு ஏறக்குறைய 970 மில்லிமீட்டர் மழை பெறும் பெங்களூரு பாலைவனம் அன்று. ஆனால் வறட்சிக்கு ஆளாகும் நிலப்பரப்பில் ராஜஸ்தானுக்கு அடுத்தபடியாகச் சொல்லப்படும் மாநிலத்தின் தலைநகரம் அது. 2023இல் கர்நாடகத்தின் 236 வட்டங்களில் 223 வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அடுத்த ஆண்டுக் கோடையில் பெங்களூரின் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, தண்ணீர் லாரிக்காக அடுக்குமாடிக் குடியிருப்புகளே காத்துக் கிடந்தன. அத்தகைய கோடையிலும் சித்திரை, வைகாசி வெயிலில் எருக்கு இலையுதிர்க்காமல், பூத்துக்கொண்டும் இருக்கிறது. பார்த்தவர்கள் அதைத் தவசி என்று சொல்லியிருந்தால் வியப்பில்லை.

ஆயினும் தாவர உடலியல் இந்த உவமையை அப்படியே ஏற்காது. செடிகள் வறட்சியை எதிர்கொள்ளும் வழிகளை அத்துறையினர் தப்பித்தல், தவிர்த்தல், தாங்குதல் என்று பிரித்துப் பேசுவர். மழைக்காலத்துக்குள் முளைத்துப் பூத்து விதைத்து மடிந்துவிடும் சிறுபூண்டுகள் தப்பிப்பவை. நீர் இழப்பைக் குறைத்தும் நீரைத் தேடிப் பிடித்தும் தம் திசுக்களை உலரவிடாமல் காப்பவை தவிர்ப்பவை. திசு உலர்ந்த பின்னும் உயிரணு சிதையாமல் நிற்பவையே உண்மையில் தாங்குபவை. எருக்கு பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதன் ஆணிவேர் மணற்பாங்கான நிலத்தில் இரண்டு, மூன்று மீட்டர் ஆழம் இறங்கி, மேல்மண் காய்ந்த பின்னும் ஈரத்தை எட்டிவிடுகிறது. இலையின் மேல் விரலால் தேய்த்தால் மாவுபோல் ஒட்டிவரும் வெண்பூச்சு, நீராவி வெளியேறாமல் தடுக்கும் மெழுகும் மென்மயிரும் சேர்ந்தது. அதுவே வெயிலில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பி இலையைச் சூடேறாமல் காக்கிறது. நீர் குறையும்போது உயிரணுக்களில் சர்க்கரையும் புரோலின் என்னும் அமினோ அமிலமும் கூடி, இருக்கும் நீரைப் பிடித்துவைக்கவும் உதவுகின்றன. ஆகவே எருக்கு நீரைத் துறந்து வாழவில்லை. மற்றவை எட்டாத ஆழத்தில் நீரை அனுபவித்துக்கொண்டு, மேலே வறுமைக்கோலம் காட்டுகிறது. துறவியைவிட, பூமிக்கடியில் செல்வம் புதைத்துவைத்த பழைய குடும்பத்தலைவருக்கே அது நெருக்கமான உறவு என்று சொன்னால் தவறாகாது.

தவம் என்ற கருத்துக்கு இணையான ஒன்றைத் தாவரங்களில் தேட வேண்டுமானால், அது பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தின் காந்தி கிருஷி விஞ்ஞான கேந்திர வளாகத்தில் வேறு பயிர்களில் கிடைக்கும். அங்குள்ள பயிர் உடலியல் துறையினர் வளர்த்தெடுத்த வெப்பத் தூண்டல் முறையில், நாற்றுகளை உடனடியாகக் கொல்லும் வெப்பத்தில் வைக்காமல், முதலில் கொல்லாத அளவில் சிறிது சிறிதாகச் சூடேற்றிப் பிறகு கொல்லும் வெப்பத்தில் வைக்கிறார்கள். நேரடியாகச் சூட்டில் விழுந்தவை மடிய, படிப்படியாகப் பழகியவற்றில் ஒரு பகுதி பிழைத்து வளர்கிறது; ஏனெனில் மெல்லிய துன்பம், பெருந்துன்பத்துக்கு வேண்டிய காப்புப் புரதங்களை முன்கூட்டியே ஆக்கிவைக்கிறது. நோன்பும் பட்டினியும் பயில்வோர் சொல்லும் காரணத்தோடு இது ஒத்திருப்பது உண்மை. ஆனால் நாற்று தன்னை வருத்திக்கொள்ளவில்லை, அதற்கு ஒரு சங்கல்பமும் இல்லை. சங்கல்பம் இல்லாத துன்பத்தைப் பொதுவாகத் தவம் என்று சொல்வதில்லை.

எருக்கின் உண்மையான புதிர் அதன் வேரில் இல்லை, பாலில் இருக்கிறது. இலையைக் கிள்ளிய கணத்தில் காம்பின் முனையில் வெண்மையாகத் திரண்டு, கீழே சொட்டி, சற்று நேரத்தில் பிசுபிசுத்துக் காய்ந்துவிடும் அந்தப் பாலில், ரப்பர் போன்ற பொருளும், அமைரின், லூபியோல் முதலிய டிரைடெர்பீன்களும், புரதத்தை அறுக்கும் நொதிகளும், இவற்றோடு கலோட்ரோபின், கலாக்டின், உஷாரின் எனப் பெயரிடப்பட்ட கார்டினோலைடுகளும் கலந்துள்ளன. கார்டினோலைடு என்பது இதயத்தைத் தாக்கும் ஒரு வகை நஞ்சு. விலங்குகளின் ஒவ்வோர் உயிரணுவின் சவ்விலும், மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கும் புரதம் ஒன்று ஓயாமல் இயங்குகிறது. நரம்பின் செய்தியும் இதயத்தின் துடிப்பும் அந்த ஏற்ற இறக்கத்தையே நம்பியிருக்கின்றன. 1957இல் அதைக் கண்டறிந்த டென்மார்க் அறிஞர் யென்ஸ் ஸ்கூவுக்கு 40 ஆண்டுகள் கழித்து, 1997இல், நோபல் பரிசு கிடைத்தது. கார்டினோலைடு அப்புரதத்தில் போய் ஒட்டி அதை நிறுத்திவிடுகிறது. சிறிதளவு நின்றால் இதயம் வலுவாகச் சுருங்கும்; மிகுதியாக நின்றால் தாளம் தப்பி நின்றேவிடும். 1785இல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவர் நரிக்கையுறைச் செடியைப் பற்றி எழுதி நவீன மருத்துவத்துக்குள் கொண்டுவந்த டிஜிட்டாலிஸும் இதே குடும்பத்து வேதிப்பொருளால்தான் வேலை செய்கிறது.

இந்தப் பால் யாருக்காக என்று கேட்கும்போது, ஈசுவரகிருஷ்ணரின் சாங்கிய காரிகை நினைவுக்கு வராமல் போகாது. உலகத்தின் மூலப்பொருளான பிரகிருதிக்கு அறிவு கிடையாது என்று சொல்லும் சாங்கியர், அறிவில்லாத ஒன்று எப்படிப் பிறர் பொருட்டுச் செயல்படும் என்ற வினாவுக்கு ஓர் உவமையால் விடை தருகிறார்கள்: கன்று வளர வேண்டும் என்பதற்காக, அறிவற்ற பால் தானே சுரப்பதுபோல, உயிரின் விடுதலைக்காகப் பிரகிருதி இயங்குகிறது. பிரம்மசூத்திரத்துக்கு உரை எழுதிய சங்கரர் இதை விடவில்லை. பால் தானாகச் சுரக்கவில்லை, கன்றின்மேல் அன்புள்ள, அறிவுள்ள பசு இருப்பதால்தான் சுரக்கிறது என்று அவர் மறுத்தார். இரு தரப்பும் மோதிக்கொண்டாலும், பால் என்றால் அதைக் குடிக்க ஒரு கன்று இருக்கும் என்பதில் இருவருக்கும் ஐயம் இல்லை. அவர்கள் மாட்டுக்கொட்டிலைப் பார்த்துப் பேசினார்கள். வேலியோரத்து எருக்கைப் பார்த்திருந்தால் வழக்கு வேறு விதமாகப் போயிருக்கும். இங்கே பால் உண்டு, கன்று இல்லை. யாரையும் ஊட்டுவதற்காக அன்றி, யாரும் உண்ணாதிருப்பதற்காகவே அது சுரக்கிறது. வறண்ட நிலத்தில் பசுமை அரிது என்பதால், கோடையில் பச்சையாக நிற்கும் செடி எல்லா வாய்களுக்கும் இலக்காகும். ஓர் இலையை மீண்டும் ஆக்க வேண்டிய செலவும் அங்கே அதிகம். இதைக் கொண்டு பார்த்தால் நஞ்சும் வறட்சியைக் கடக்கும் ஏற்பாட்டின் ஒரு பகுதி என்றே கொள்ள இடமிருக்கிறது.

ஆனால் கன்றே இல்லை என்று முடித்துவிடவும் முடியாது. வெந்தய வரியன் எனப்படும் ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சி, தன் முட்டையைத் தேடிவந்து இடுவது எருக்கிலையில்தான். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையங்களும் முதுகில் மூன்று இணைக் கொம்பு இழைகளும் கொண்ட அதன் புழு, மாடு முகர்ந்துவிட்டு விலகும் அந்த இலையைத் தின்றே பருக்கிறது. இவ்வகை வண்ணத்துப்பூச்சிகள் செடியின் கார்டினோலைடைத் தம் உடலில் சேமித்துக்கொள்ள, ஒருமுறை விழுங்கிக் கக்கிய பறவை அந்த நிறத்தை மறப்பதில்லை. அவற்றின் நெருங்கிய உறவான அமெரிக்காவின் மொனார்க் வண்ணத்துப்பூச்சியில், முன்னர்ச் சொன்ன சோடியப் புரதத்தின் 122ஆம் இடத்தில் அஸ்பராஜினுக்குப் பதிலாக ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அமர்ந்திருப்பதும், அந்தச் சிறு மாற்றத்தால் நஞ்சு அங்கு சரியாக ஒட்டாமல் போவதும் கண்டறியப்பட்டுள்ளன. எருக்கங்கொழுந்தில் மொய்க்கும் மஞ்சள் அசுவுணியும், அதே இலையை மேயும் நீல மஞ்சள் வெட்டுக்கிளியும் இந்தப் பந்தியில் உட்காரும் மற்ற விருந்தாளிகள். சங்கரர் அதே இடத்தில் இன்னொரு வாதமும் வைத்திருக்கிறார்: புல் தானாகப் பாலாக மாறுவதில்லை, பசு தின்றால்தான் மாறும், காளை தின்றால் மாறாது. சாங்கியத்தை மறுக்க அவர் சொன்ன இக்கருத்து, வேதியியலுக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. எருக்கிலை மாட்டுக்கு நோய், புழுவுக்குக் கவசம், மருத்துவர் கையில் மருந்து; இலை ஒன்றுதான். ஆய்வுக்கூடத்தினர் உயிர்ச்செயல்பாடு என்று அளப்பது, செடிக்குள் கிடக்கும் ஒரு சொத்தை அன்று, ஒரு மூலக்கூறும் ஓர் உடலும் சந்திக்கும் இடத்தில் நிகழ்வதையே.

இவ்வளவையும் மனத்தில் கொண்டு ரதசப்தமிக்குத் திரும்பலாம். சூரியன் தன் தேரை வடக்கு நோக்கித் திருப்புவதாகக் கருதப்படும் மாக மாத வளர்பிறை ஏழாம் நாளில், விடியலில் ஏழு எருக்கிலைகளைத் தலையில் ஒன்றும், தோள்களிலும் முழங்கால்களிலும் பாதங்களிலும் இரண்டிரண்டாகவும் வைத்து, ஆண்கள் அட்சதையும் பெண்கள் அதனோடு மஞ்சளும் சேர்த்து நீராடுவது வழக்கம். வீட்டுக்கு வீடு இதில் சிறு வேறுபாடுகள் உண்டு. ஒன்பது கோள்களுக்கான வேள்வியில் சூரியனுக்குரிய சமித்தும், அதாவது வேள்வித்தீயில் இடும் குச்சியும், எருக்கே. அண்மைக் காலத்தில் இந்நீராடலுக்கு ஒரு விளக்கம் பரவியுள்ளது: எருக்கிலைக்குச் சூரியக் கதிரை ஈர்த்து உடம்புக்குள் செலுத்தும் ஆற்றல் உண்டு, அதை முன்னோர் அறிந்தே சடங்காக்கினர் என்பது. பக்தியோடு சொல்லப்பட்டாலும் இது செடிக்கும் பொருந்தவில்லை, சாத்திரத்துக்கும் பொருந்தவில்லை. மெழுகும் மயிரும் போர்த்த எருக்கிலை வெயிலைத் திருப்பி அனுப்பிப் பிழைக்கிற இலை என்பது மேலே கூறப்பட்டது.

சாத்திரத்துக்குப் பொருந்தாமை இன்னும் நுட்பமானது. வேதச் சடங்குகளின் பொருளை ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட மீமாம்சையர், செயல்களின் பயனைத் திருஷ்டம், அதிருஷ்டம் என இரண்டாகப் பிரித்தனர். கண்ணுக்குத் தெரியும் பயன் முன்னது, தெரியாத பயன் பின்னது. கண்ணுக்குத் தெரியும் பயன் கிடைக்கும்போது தெரியாததைக் கற்பிக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. அதோடு, வேறு வழியில் அறிய முடியாததைச் சொல்லும்போதுதான் சாத்திரத்துக்கு வேலை உண்டு என்பதும் அவர்கள் கொள்கை. ஆகவே எருக்கிலைக் குளியல் தோல்நோய்க்கான சிகிச்சை என்று நிறுவிவிட்டால், அது மருத்துவ நூலின் ஆளுகைக்குள் போய்விடும். அதைவிடச் சிறந்த களிம்பு கடையில் கிடைக்கும் நாளில் சடங்கு வேலையிழக்கும். சடங்கைக் காப்பாற்றுவதாக எண்ணி அதை மருந்துக்கடையின் போட்டியாளராக்குவது, காப்பாற்றுபவரே செய்யும் கேடு. நெல்லை உரலில் குத்தி உமி நீக்குவது பற்றிய அவர்களின் ஆய்வு இங்கு உதவும். உமி நீங்குவது கண்ணுக்குத் தெரியும் பயன். நகத்தால் கிள்ளினாலும் உமி நீங்கும். அப்படியிருக்கக் குத்தித்தான் நீக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு தருவது தெரியாத பயன் என்று அவர்கள் முடிவு செய்தனர். அதுபோல, எருக்கிலையில் தோலுக்கு நல்லது ஏதேனும் இருந்தாலும், ஏழு என்ற எண்ணையும், அந்த ஒரு நாளையும், சூரியன் எழும் வேளையையும் எந்த வேதியியலும் விளக்கப்போவதில்லை. சடங்கின் பொருள் அந்த எஞ்சிய பகுதியில்தான் இருக்கிறது. நம்புகிறவர் அதை நம்பலாம், மறுப்பவர் அதையே நேராக மறுக்கலாம். பயனைக் காட்டிச் சடங்கைக் காக்கிறவரும், பயன் இல்லை என்று காட்டிச் சடங்கை ஒழிக்கிறவரும் ஒரே தராசைத்தான் கையில் பிடித்திருக்கிறார்கள்.

எருக்கில் மருத்துவப் பயன் இல்லை என்பது இதன் பொருள் அன்று. தட்சசீலத்தைச் சுற்றி ஒரு யோசனைத் தொலைவுக்குள் மருந்தாகாத செடி ஒன்றைக் கொண்டுவா என்று ஆசிரியர் ஏவ, மருத்துவம் பயின்ற ஜீவகர் மண்வெட்டியோடு அலைந்து ஒன்றும் காணாமல் திரும்பிய கதையைப் பௌத்த விநய நூலான மகாவக்கம் சொல்கிறது. மருந்தல்லாத பொருள் உலகில் இல்லை என்று சரக சங்கிதையும் கூறுகிறது. ஆனால் மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு நிபந்தனை அங்கேயே உள்ளது, இன்ன முறையில் இன்ன நோக்கத்துக்காக என்பது. உயிரணுவின் அடிப்படைப் புரதத்தையே நிறுத்தும் பால், கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்த புற்றுநோய் உயிரணுக்களைக் கொல்வதில் வியப்பு என்ன இருக்கிறது? நல்ல உயிரணுவையும் அது அப்படியே கொல்லுமே என்பதுதான் சிக்கல். புரோசெரா இனத்தின் ஒரு கார்டினோலைடிலிருந்து பெல்ஜிய ஆய்வாளர்கள் மாற்றியமைத்த சேர்மம் ஒன்று மனிதர்களிடம் முதற்கட்டச் சோதனை வரை போனது, மருந்தாக வெளிவரவில்லை. கிண்ணத்துக்கும் நோயாளியின் படுக்கைக்கும் இடையே இருக்கும் தூரத்தை மறைத்து எழுதப்படும் மூலிகைக் கட்டுரைகள், சரகர் வைத்த நிபந்தனையை நீக்கிவிட்டு அவர் பெயரை மட்டும் எடுத்துக்கொள்பவை.

அந்த நிபந்தனையின் கொடிய மறுபக்கமும் தமிழர் வரலாற்றிலேயே உள்ளது. 1980களில் உசிலம்பட்டி வட்டாரத்திலிருந்து வந்த செய்திகள், பிறந்த பெண் சிசுவுக்கு எருக்கம்பால் புகட்டிக் கொல்லும் வழக்கத்தை நாடறியச் செய்தன. 1992இல் தமிழ்நாடு அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது இத்தகைய சாவுகளைத் தடுக்கவே. பால் என்று பெயர் சூட்டப்பட்ட ஒன்றைத் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் குழந்தையின் வாயில் ஊற்றிய அந்தச் செயலின் பழியைச் செடியின்மேல் எவரும் போட முடியாது. குணம் என்பது பொருளில் உறைவது என்று கொள்ளும் வைசேடிகர்கூட, நன்மை தீமையாகிய அறத்தையும் மறத்தையும் உயிரின் குணங்களாகவே கணக்கிட்டார்கள், பொருளின் குணங்களாக அன்று.

எருக்கம்பூவை நல்ல பூக்களின் வரிசையிலும் தீய பூக்களின் வரிசையிலும் சேர்க்காமல் தனியே நிறுத்தி, ஒருவர் அதைச் சூட்டினாலும் கடவுள் வேண்டாமென்று மறுப்பதில்லை என்ற கருத்தைக் கபிலர், பாரியின் கொடையைப் போற்றும் புறநானூற்றுப் பாடலில் வைத்திருக்கிறார். செடிக்கு மகிமை தேடாமலும், அதில் மறைந்த பயன் உண்டென்று சொல்லாமலும், பெறுபவரின் பெருமையால் கொடுக்கப்பட்டது ஏற்கப்படுகிறது என்று கொள்வது, இன்றைய விளக்கங்களைவிட நேர்மையானது. மகாபாரதத்தின் உபமன்யு, பிச்சைச்சோறும் பாலும் நுரையும் குருவால் விலக்கப்பட்ட பிறகு, பசி தாளாமல் காட்டில் எருக்கிலையைத் தின்று கண்ணிழந்து கிணற்றில் விழுந்தான் என்று ஆதிபருவம் கூறும். அசுவினி தேவர்கள் அவனுக்குப் பார்வையைத் திருப்பித் தந்தது அவனுடைய குருபக்திக்காக. உண்டதால் வந்த குருட்டுத்தன்மையை மருத்துவம் உறுதிசெய்யவில்லை. ஆனால் கண்ணில் பட்ட எருக்கம்பால் கருவிழியை வீங்கச் செய்து பார்வையை மங்கவைப்பதைக் கண் மருத்துவர்கள் பலமுறை பதிவுசெய்துள்ளனர். அப்போது வலி பெரிதாகத் தோன்றுவதில்லை என்பதால் பலர் தாமதமாகவே மருத்துவமனைக்கு வருகிறார்கள்.

எனவே ரதசப்தமிக்கு முதல்நாள் இலை பறிப்பவர்கள், பால் வடிந்து நிற்கும் காம்பை நீரில் நன்கு கழுவிய பின்னரே இலையைத் தலையில் வைக்க வேண்டும். பறித்த கையால் கண்ணைத் தொடாமலும் குழந்தைகளிடம் இலையைக் கொடுக்காமலும் இருக்க வேண்டும். தவறிக் கண்ணில் பட்டுவிட்டால், வலி இல்லாவிட்டாலும், உடனே தூய நீரால் நெடுநேரம் கழுவி அன்றே கண் மருத்துவரைக் காண்பது அவசியம்.